திரையின் ஒரு கோடி

எனக்குப் பத்து வயது இருக்கும். வந்தவாசிப் பக்கம் பாட்டி ஊரில் திரௌபதி அம்மன் கோயில் அக்னி வசந்த விழா. பகலில் பாரதம் படிப்பார்கள், ராத்திரி கூத்து. அன்றைக்குத் துகில், அதாவது சபையில் திரௌபதியின் சேலையை உருவுகிற கதை. பாட்டி மதியமே பாயைக் கொண்டுபோய் முன்னால் விரித்து, காற்றில் பறக்காமல் இருக்க நாலு மூலையிலும் கல் வைத்துவிட்டு வந்துவிட்டாள். நான் பாயில் உட்காரவே இல்லை. வேஷம் கட்டும் இடத்தில் கீற்று இடுக்கு வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

திரை பிடிக்கிற இரண்டு பேரில் ஒருவர் அந்த நேரம் பார்த்து எங்கேயோ போய்விட்டார். கூத்து வாத்தியார் சுற்றும் முற்றும் பார்த்தார், நான் நின்றேன். "தம்பி, இந்தக் கோடியப் புடி. நான் சொல்ற வரைக்கும் கைய எறக்காத" என்றார். அவ்வளவுதான். துரியோதனன் திரைக்குள் வந்துவிட்டான்.

ஜனங்களுக்குத் திரைக்கு மேலே கிரீடத்தின் நுனியும், கீழே சலங்கை கட்டிய இரண்டு காலும்தான் தெரியும். நான் பக்கவாட்டில் நின்றதால் எனக்கு முழு ஆளும் தெரிந்தார். முன்பக்கம் புஜக்கட்டையும் மார்புப் பதக்கமும் கண்ணாடிச் சில்லுகளோடு மின்னின. பின்பக்கமோ வெறும் முடிச்சுகள். சணல் கயிறு, நாடா, ஊக்கு, வேர்வையில் நனைந்த பனியன், இடுப்பில் அகலம் காட்டத் திணித்திருந்த பழைய துணி. அரைமணி நேரத்துக்கு முன்னால் பீடி குடித்துக்கொண்டு, மகள் பள்ளிக்கூடத்துக்குப் பணம் கட்ட வேண்டும் என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்த மனிதர் அவர். இப்போது திரையின் ஓரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். முகவீணை ஏறியது. அவர் திரை விருத்தத்தை, திரைக்குள் நின்றபடியே வேஷக்காரர் பாடும் அறிமுகப் பாட்டை எடுத்தார். அந்தக் குரல் எனக்கு ஒரு முழம் தூரத்தில் இருந்தது. துணி நடுங்கியது என் கையாலா அவர் குரலாலா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. விருத்தம் முடிந்து திரைத் தரு, அதற்கு உள்ளேயே நின்றபடி அடவு, வெளியில் ஜனம் விசில் அடிக்கிறது, இன்னும் ஆள் வரவில்லை. கை கடுத்துவிட்டது. கடைசியில் வாத்தியார் தலையை அசைத்தார், விட்டேன். துரியோதனன் கிறுகிறுவென்று சுற்றிக்கொண்டு வெளியே பாய்ந்தான்.

இதை ஏன் இத்தனை விவரமாகச் சொல்கிறேன் என்றால், நாடகத்தைப் பற்றி நான் பிற்பாடு படித்ததையும் பார்த்ததையும் எல்லாம் அந்தத் துணியின் ஒரு கோடியைப் பிடித்த கையோடுதான் எடைபோட்டுக்கொண்டு வந்திருக்கிறேன்.

பல வருஷம் கழித்து சென்னையில் குளிர்சாதன அரங்கம் ஒன்றில் ஒரு நாடகம் பார்த்தேன். கூத்தை எடுத்து நவீன நாடகம் செய்திருந்தார்கள். நன்றாகப் பயிற்சி எடுத்த பிள்ளைகள், உடம்பு வில்லாக வளைந்தது. இரண்டு பேர் அழகான பட்டுத் திரையைப் பிடித்து வந்தார்கள், உடனே விலக்கினார்கள், ராஜா நின்றார். கைதட்டல். கையில் கொடுத்திருந்த அச்சுத்தாளில் விளக்குப் போட்டவர் முதல் தேநீர் ஏற்பாடு செய்தவர் வரை எல்லார் பெயரும் இருந்தது. அடவு சொல்லிக்கொடுத்த கூத்து வாத்தியாருக்கு மட்டும் "நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு நன்றி" என்று ஒரு வரி. அவர் கடைசி வரிசையில்தான் உட்கார்ந்திருந்தார். வெளியே வந்து பேச்சுக் கொடுத்தேன். செய்யாறு போகிற கடைசி பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் இருந்தார். பெயர் போடாததைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. "பசங்க நல்லாத்தான் ஆடுதுங்க. ஆனா திரை வந்துச்சி, போயிடுச்சி. உள்ள நின்னு பாடவே இல்லையே" என்றார்.

சுதந்திரத்துக்குப் பிறகு இந்தியாவில் நாட்டார் மரபைத் தேடிப் போன நாடகங்களை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்த வாக்கியம்தான் முன்னால் வருகிறது. யார் திரையை எடுத்துக்கொண்டார்கள், யார் உள்ளே நின்று பாடுவதற்கும் இடம் விட்டார்கள்?

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். நாம் இன்றைக்கு நாடகம் என்றவுடன் நினைக்கிற படச்சட்டம் மாதிரியான மேடை, இருட்டில் பார்வையாளர், டிக்கெட், இதெல்லாம் கல்கத்தாவிலும் பம்பாயிலும் வெள்ளைக்காரர்கள் கட்டிய அரங்குகளிலிருந்து வந்து பார்சிக்காரர்கள் நடத்திய நாடகக் கம்பெனிகள் வழியாக ஊரெல்லாம் பரவியது. படித்த வர்க்கத்துக்குக் கூத்து என்றால் கேவலம் என்ற எண்ணமும் கூடவே வளர்ந்தது. தமிழ் நாடகத் தந்தை என்று நாம் கொண்டாடும் பம்மல் சம்பந்த முதலியாரே இளம் வயதில் தமிழ் நாடகம் என்றாலே வெறுப்பாக இருந்ததாகத் தன் நினைவுகளில் எழுதியிருக்கிறார். பல்லாரியிலிருந்து வந்த தெலுங்கு நாடகக் குழு ஒன்றைப் பார்த்த பிறகுதான் மனம் மாறி, 1891 இல் நண்பர்களோடு சுகுண விலாச சபையைத் தொடங்கினார். வக்கீல்களும் அதிகாரிகளும் நடித்த சபை அது. "கூத்தாடி" என்ற சொல் வசவாக இருந்த காலத்தில் படித்தவர்கள் மேடை ஏறினார்கள் என்பது பெரிய விஷயம்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த மரியாதை மேடைக்குக் கிடைத்தது, கூத்து ஆடுகிற களரிக்குக் கிடைக்கவில்லை.

நாடகத்தைக் கண்டு ஆட்சி பயந்ததும் உண்டு. அவுரித் தோட்ட முதலாளிகளின் அட்டூழியத்தைச் சொன்ன 'நீல் தர்ப்பண்' போன்ற வங்காள நாடகங்கள் கிளப்பிய சூட்டில் 1876 இல் நாடகத் தணிக்கைச் சட்டம் வந்தது. வெள்ளைக்காரன் போனான், சட்டம் போகவில்லை. சென்னை மாநிலம் 1954 இல் தனக்கென்று புதிதாக ஒன்றே போட்டுக்கொண்டது. அதன் முக்கியமான பிரிவுகளை பத்திரிகையாளரும் நாடகக்காரருமான ஞாநி தொடுத்த வழக்கில் உயர்நீதிமன்றம் ரத்து செய்தது 2013 இல்தான்.

சரி, 1947 க்குப் பிறகு நம்முடைய நாடகம் எது என்ற கேள்வி எழாமல் இருக்குமா? 1953 இல் மத்திய அரசின் சங்கீத நாடக அகாதெமி வந்தது, 1956 இல் டெல்லியில் நாடகத்துக்கென்றே ஒரு கருத்தரங்கம், 1971 இல் மரபு அரங்குக்கு இன்றைக்கு என்ன பொருத்தம் என்று ஒரு வட்டமேசை. பிறகு நாடக அறிஞர் சுரேஷ் அவஸ்தி இந்தப் போக்குக்கு 'வேர்களின் அரங்கு' என்று பெயரே வைத்தார். எழுபதுகளின் தொடக்கத்தில் அடுத்தடுத்து வந்த நாடகங்களைப் பார்த்தால் இப்போதும் ஆச்சரியமாக இருக்கிறது. கிரீஷ் கர்னாட் 'ஹயவதனா'வில் கர்நாடகத்து யக்ஷகான ஆட்டத்தில் பாடிக் கதை சொல்லும் பாகவதரையும் அரைத் திரையையும் கொண்டுவந்தார். குதிரைத் தலையும் மனித உடம்புமாக ஒருவன் அந்தத் திரைக்குப் பின்னால் நிற்கிறான், தலை மாறிப்போன இரண்டு நண்பர்களில் கணவன் யார் என்று ஒரு பெண் தவிக்கிறாள். உடம்பு ஒரு இடத்திலும் தலை இன்னொரு இடத்திலுமாக இருந்த இங்கிலீஷ் படித்த இந்தியனுக்கு அந்தக் கதை எப்படிக் குத்தியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பேஷ்வா காலத்துப் புணேயின் அதிகாரச் சீரழிவைச் சொன்ன விஜய் டெண்டுல்கரின் 'காசிராம் கோத்வால்' 1972 இல் புணேயில் மேடையேறியபோது ஜப்பார் படேல் துணித் திரையையே எடுத்துவிட்டு, வரிசையாக நிற்கும் பிராமணர்களை மனிதச் சுவராக்கினார். சுவர் பாடும், ஆடும், தேவைப்பட்டால் திரும்பி நின்று அந்தப் பக்கம் நடப்பதை மறைக்கும். திரை என்பது ஒரு ஊர் சேர்ந்து எதையோ மறைக்கிற காரியம் என்று ஆக்கிய அந்த யோசனையை நான் மிகப் பெரியதாக மதிக்கிறேன். நாட்டார் வடிவம் அங்கே அலங்காரமாக இல்லை, குற்றச்சாட்டாக இருந்தது. நாடகத்துக்கு வந்த எதிர்ப்பும் சும்மா வரவில்லை.

ஆனால் இவர்கள் எல்லாருமே நகரத்து நடிகர்களை வைத்துச் செய்தவர்கள். ஹபீப் தன்வீர் வேறு வழியில் போனார், என் மனசுக்கு நெருக்கமானவரும் அவர்தான். ராய்ப்பூரில் பிறந்தவர், லண்டனில் நாடகம் படித்தவர். திரும்பி வந்து சத்தீஸ்கரின் நாச்சா என்ற நாட்டார் நாடகக் கலைஞர்கள் சிலரை டெல்லிக்கு அழைத்துப் போய், மோனிகா மிஸ்ராவோடு சேர்ந்து 1959 இல் 'நயா தியேட்டர்' தொடங்கினார். வந்தவர்கள் ஊரில் ராத்திரி முழுக்க ஜனத்தைக் கட்டிப்போடுகிற ஆட்கள். டெல்லி மேடையில் சோபிக்கவில்லை. ஏன் என்று புரிய அவருக்குப் பல வருஷம் பிடித்தது, அதை அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். அவர்களை இந்தியில் பேச வைத்தார், இந்த இடத்தில் நில், அங்கிருந்து இங்கே நட என்று கோடு போட்டு நடத்தினார். மூன்று பக்கமும் ஜனம் சூழ நின்று, கைதட்டல் வந்த பக்கம் திரும்பி அதே பாட்டை இன்னொரு தடவை பாடிப் பழகியவர்கள் அந்தக் கோட்டில் விறைத்துப் போனார்கள். 1973 இல் ராய்ப்பூரில் நடத்திய நாச்சாப் பட்டறையை ஒட்டித்தான் அவர் முழுசாக விட்டுக்கொடுத்தார். அவர்கள் மொழியிலேயே பேசட்டும், தோன்றுகிற இடத்தில் நிற்கட்டும், அதற்கப்புறம் நான் கோத்துக்கொள்கிறேன் என்று. 1975 இல் வந்த 'சரண்தாஸ் சோர்' அப்படி வந்த நாடகம். பொய் சொல்வதில்லை என்று குருவிடம் சத்தியம் செய்துவிட்ட ஒரு திருடன், கடைசியில் அந்தச் சத்தியத்துக்காகவே சாகிறான். சத்தீஸ்கரின் சத்நாமிகள் என்ற தலித் சமயப் பிரிவினரின் பந்திப் பாட்டும் ஆட்டமும் நடுநடுவே வரும். 1982 இல் எடின்பரோவில் பரிசு வாங்கியது. பரிசைவிட எனக்குப் பெரியதாகப் படுவது, இயக்குநர் தன் இந்தியைக் கீழே வைத்தார் என்பதுதான். வேரைத் தேடிப் போகிறவர் முதலில் எதைக் கீழே வைக்கிறார் என்று பாருங்கள், அவர் எவ்வளவு தூரம் போவார் என்று தெரிந்துவிடும்.

நம் பக்கத்துக்கு வருகிறேன். ந. முத்துசாமி புஞ்சை என்ற ஊரில் பிறந்தவர், நல்ல சிறுகதைகள் எழுதியவர். புரிசை கண்ணப்பத் தம்பிரானின் கூத்தைப் பார்த்தது அவர் வாழ்க்கையையே திருப்பிவிட்டது. 1977 இல் கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவைத் தொடங்கினார். கூத்தைப் பற்றி அவர் எழுதிய கட்டுரைகள் 'அன்று பூட்டிய வண்டி' என்று புத்தகமாக இருக்கின்றன, கிடைத்தால் படியுங்கள். இதில் நான் வியக்கிற விஷயம் ஒன்று உண்டு. அவருடைய நாடகங்களில் கூத்தின் சாயல் மேலோட்டமாகப் பார்த்தால் தெரியவே தெரியாது. கிரீடம் இல்லை, கதையை நடத்திக்கொண்டே சிரிக்க வைக்கிற கட்டியக்காரன் இல்லை, பாரதக் கதை இல்லை. 'நாற்காலிக்காரர்' மாதிரி ஒரு நாடகத்தில் கூத்து எங்கே இருக்கிறது? நடிகனின் உடம்பில். தம்பிரான் பட்டறைக்கே வந்து சொல்லிக்கொடுத்தார். ராத்திரி பத்து மணியிலிருந்து விடியும்வரை தாங்குகிற மூச்சு, ஒலிபெருக்கி இல்லாமல் ஊர்க்கோடிவரை போகிற தொண்டை, எடையைத் தரையில் இறக்கி நிற்கும் நிலை. அதை வாங்கிக்கொண்டு வேறு எதையோ சொன்னார்கள். பட்டறையிலிருந்து சினிமாவுக்குப் போன பசுபதி, கலைராணி போன்றவர்களின் கழுத்தையும் தோளையும் கவனித்தால் அந்தக் கூத்து இன்னும் தெரிகிறது என்பேன்.

மதுரையில் மு. ராமசாமியின் நிஜ நாடக இயக்கம் 1978 இல் தொடங்கியது. 'அந்திகனி' என்ற கிரேக்க நாடகத்தைக் கூத்தின் மண்ணில் நட்டு 'துர்க்கிர அவலம்' செய்தார்கள். செ. ராமானுஜம் ட்ராய் நகரத்துப் பெண்களின் கதையை எடுத்து, நம் ஊர் ஒப்பாரியால் 'வெறியாட்டம்' கட்டினார். அழுவதற்கு நமக்கு ஒரு இலக்கணம் இருக்கிறது, அது ஒப்பாரி. போரில் எல்லாவற்றையும் இழந்த பெண்கள் எந்த நாட்டுக்காரர்களாக இருந்தாலும் தமிழில் வேறு எப்படி அழ முடியும்?

இப்போது கொஞ்சம் கசப்பான பகுதி. அகாதெமி 1984 முதல் 1991 வரை இளம் நாடகக்காரர்களுக்கு உதவித் திட்டம் ஒன்று நடத்தியது. நிபந்தனை, நாட்டார் மரபோடு தொடர்பு இருக்க வேண்டும். நல்ல நாடகங்கள் சில வந்தன. கூடவே, மண்டல விழாவுக்குப் போக வேண்டுமென்றால் ஒரு கரகமும் ஒரு முகமூடியும் வேண்டும் என்கிற நிலைமையும் வந்தது. ருஸ்தம் பரூச்சா போன்ற விமர்சகர்கள் அப்போதே கேட்டார்கள், யாருடைய வேர், யாருக்காக என்று. டெல்லியில் 'இந்திய அடையாளம்' என்று வைக்கப்பட்டது வந்தவாசியில் ஒரு நேர்த்திக்கடன், ஒருவருக்கு ராத்திரி வேலை, இன்னொருவருக்குச் சாதியால் தலையில் கட்டப்பட்ட ஊழியம்.

சாதியைச் சொல்லாமல் இதைப் பேசுவது நேர்மையே இல்லை. பறை இருக்கிறது. நகர மேடையில் அது தமிழ் அடையாளம், எழுச்சி, எல்லாருக்கும் கால் தாளம் போடுகிறது. அதே பறையைச் சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று சேரிகளில் இளைஞர்கள் முடிவெடுத்து, அதற்காக அடி வாங்கிய ஊர்களும் உண்டு. இந்த இரண்டும் ஒரே தோல்தான். கே. ஏ. குணசேகரன் இதை முழுசாகத் தெரிந்தவர். 'தன்னானே' குழுவோடு ஊர் ஊராகப் பாடியவர், 'பலி ஆடுகள்' எழுதி தலித் அரங்கு என்று ஒன்றைத் தமிழில் நிறுத்தியவர். அவர் பறையை மேடைக்குக் கொண்டுவந்தபோது அவமானத்தையும் சேர்த்தே கொண்டுவந்தார், அதனால்தான் அந்த அடி நெஞ்சில் விழுந்தது.

பெயரிலேயே சண்டை இருக்கிறது, தெரியுமா? நாம் சாதாரணமாகத் தெருக்கூத்து என்கிறோம். காஞ்சிபுரம் பக்கம் பெ. ராஜகோபால் போன்றவர்கள் அந்தப் பெயரை ஏற்பதில்லை. தெரு என்றால் மலிவாகக் கேட்கிறது, நாங்கள் கட்டை, அதாவது மரத்தால் செய்த புஜம், மார்பு அணிகள் கட்டி ஆடுகிறவர்கள், இது கட்டைக்கூத்து என்கிறார்கள். 1990 இல் சங்கம் வைத்தார்கள். 2002 இல் தொடங்கிய அவர்களுடைய குருகுலத்தில் பெண் பிள்ளைகளுக்கும் கட்டை கட்டினார்கள். பள்ளிப்பாடமும் கூத்தும் சேர்த்துப் படித்த பிள்ளைகள். 2020 இல் அது மூடப்பட்டது. கலைஞர்கள் தங்கள் தொழிலுக்குத் தாங்களே பெயர் வைத்துக்கொண்டதை, அடையாளம் பற்றிய எந்தக் கருத்தரங்கையும்விட முக்கியமாக நான் நினைக்கிறேன்.

துகிலுக்குத் திரும்புகிறேன். அன்று ராத்திரி திரையை விட்டுவிட்டுப் பாட்டி பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். துச்சாதனன் வந்து சேலையில் கை வைப்பதற்கு முன்னால் எல்லாம் நின்றது. கற்பூரம் ஏற்றினார்கள். துச்சாதனன் வேஷக்காரர் கும்பிட்டு விழுந்தார். செய்யப்போகிற பாவத்துக்கு முன்கூட்டியே மன்னிப்பு. பாட்டி எழுந்து நின்றுவிட்டாள். எங்கும் கோவிந்தா, கோவிந்தா. திரௌபதியாக இருந்தது ஒரு ஆண் என்பது யாருக்கும் நினைவில் இல்லை. சேலை வந்துகொண்டே இருந்தது.

2000 இல் மணிப்பூரில் நாடக இயக்குநர் ஹெய்ஸ்னாம் கன்ஹைலால் இன்னொரு திரௌபதியை மேடை ஏற்றினார். மகாசுவேதா தேவியின் கதையில் வரும் பழங்குடிப் பெண். ராணுவத்தின் பிடியில் சிதைக்கப்பட்டு, காலையில் துணியை வீசிவிட்டு அதிகாரி முன்னால் வந்து நிற்பவள். சாவித்ரி ஹெய்ஸ்னாம், அப்போதே வயதில் மூத்தவர், மேடையில் உடை களைந்து நின்றார். பெரிய எதிர்ப்பு கிளம்பியது. நான்கு வருஷம் கழித்து, 2004 ஜூலையில், துணை ராணுவம் பிடித்துப்போன பிறகு பிணமாகக் கிடைத்த தங்ஜம் மனோரமாவின் கொலைக்கு நியாயம் கேட்டு இம்பாலில் 12 தாய்மார்கள் காங்லா கோட்டை வாசலில் துணியில்லாமல் நின்றார்கள். அந்தப் படத்தை முதலில் பார்த்த அன்று எனக்குப் பாட்டி எழுந்து நின்றதுதான் ஞாபகம் வந்தது. கன்ஹைலால் அந்த நாடகத்தில் எந்த நாட்டார் ஆட்டத்தையும் காட்சிக்கு வைக்கவில்லை. 1978 இலேயே சந்தையில் கடை போடும் பெண்களை வைத்து 'நுபி லான்' (பெண்கள் போர்) செய்தவர் அவர். ஊர்ப் பெண்களின் உடம்பு எதைத் தாங்கியிருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

போன சித்திரையில் பாட்டி ஊருக்குப் போனேன். பாட்டி இல்லை. படுகளத்தன்று காலை, மண்ணால் செய்த துரியோதனன் களத்தில் மல்லாந்து கிடந்தான், பத்துப் பன்னிரண்டு ஆள் நீளம். பீமன் தொடையை அடித்து, பாஞ்சாலி கூந்தலை முடிந்ததும் பெண்கள் ஓடிப்போய் அந்த மண்ணைப் பிடி பிடியாக எடுத்துக்கொண்டார்கள். அம்மாவும் ஒரு பிடி எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். ராத்திரி முழுக்க துரியோதனனாக ஆடியவர் பாதி கழுவிய முகத்தோடு டீக்கடையில் உட்கார்ந்து, அடுத்த ஊருக்கு எத்தனை மணிக்கு வண்டி என்று போனில் பேசிக்கொண்டிருந்தார். பக்கத்துப் பெட்டியின் மேல் திரை மடித்து வைத்திருந்தது. அந்தப் பழைய துணி இல்லை, புதுசு. ஓரத்தில் "உபயம்" என்று போட்டு, ஊரிலிருந்து பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போன ஏழு பையன்களின் பெயரைத் தைத்திருந்தார்கள்.

"நேத்து திரை யார் புடிச்சாங்க?" என்று கேட்டேன்.

போனைக் கையால் மூடிக்கொண்டு, "அந்தப் பசங்கள்ல ரெண்டு பேரு. லீவு போட்டுட்டு வந்துருந்தானுங்க" என்றார்.